கூரை களைந்த ஜாகுவார்

வரலாறு என்றவுடன் நம்மவர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நினைவுக்கு வருகின்றன. மன்னர் பிறந்த ஆண்டையும் மாண்ட ஆண்டையும் மனப்பாடம் செய்வதே வரலாற்றுக் கல்வி என்று கருதுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதுவதில்லை. மனிதன் தன் கையால் செய்து, தன் கையால் பழுது பார்த்து, தனக்குப் பின் வருவோர்க்கு விட்டுச் செல்லும் ஒவ்வொரு பொருளும் வரலாறே. ஓர் ஏர், ஒரு தையல் எந்திரம், ஒரு மோட்டார் வண்டி ஆகிய இவை யாவும் தம்மைச் செய்த காலத்தின் அறிவையும் ஆசையையும் அச்சத்தையும் தம் உடலிலேயே தாங்கி நிற்கின்றன. படிக்கத் தெரிந்தவனுக்கு அவையும் ஏடுகளே.

அத்தகைய ஏடு ஒன்றை இன்று விரித்துப் பார்க்க எண்ணினோம். அஃது இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் தலை அறுபட்டு, இரண்டு நாட்டார் கைவேலையையும் ஓருடலில் சுமந்து நிற்கும் ஒரு மோட்டார் வண்டி. ஜாகுவார் கம்பெனியார் செய்த எக்ஸ்ஜே-எஸ் என்னும் விரைவு வண்டியை, ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரின் ஹெஸ் அண்டு ஐசன்ஹார்ட் என்னும் தொழிற்சாலையார், 1986 முதல் 1988 வரை எஃகுக் கூரை அறுத்து, மடக்கும் துணிக்கூரை பொருத்தித் தந்தனர். அங்ஙனம் மாற்றப்பட்டவை 893 என்பது வழங்கும் கணக்கு. எக்ஸ்ஜே-எஸ் வகை முழுவதும் ஏறத்தாழ 1,15,000 வண்டிகள் எனின், நூற்றிருபதுக்கும் மேற்பட்ட வண்டிகளுள் ஒன்றே இவ்வகையினது.

செல்வர் ஏறித் திரிந்த வண்டியைப் பற்றி உழைத்துண்ணும் மக்களுக்கு எதற்குப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். வண்டியில் ஏறினவர் செல்வர். அறுத்தவனும் ஒட்டினவனும் இன்றைக்கு அதனடியில் படுத்துப் பழுது பார்ப்பவனும் உழைப்பாளிகள். இக்கட்டுரை பின்னவரைப் பற்றியது.

திறந்ததும் மூடியதும்

மோட்டார் வண்டி தோன்றிய நாளில் திறந்த வண்டியே இயல்பு. மூடிய வண்டியே அருமை. குதிரை வண்டியின் அடிச்சட்டம் போன்றதோர் இருப்புச் சட்டம், அதன்மேல் எந்திரம், அதற்கும் மேலே மரத்தாலும் தகரத்தாலும் ஆன உடல், மழை வந்தால் இழுத்து மூட ஒரு துணி. இவ்வளவே. 1919-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களில் பத்தில் ஒன்றே மூடிய வகையினது. 1922-இல் எஸெக்ஸ் என்னும் வண்டி, மூடிய உடலைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. 1927-க்குள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை மூடிய வண்டிகளாயின. எட்டே ஆண்டுகளில் இயல்பு அருமையாயிற்று, அருமை இயல்பாயிற்று.

இம்மாற்றத்தினும் பெரிய மாற்றம் ஒன்று அதன்பின் நிகழ்ந்தது. அடிச்சட்டம் மறைந்தது. தளம், பக்கம், தூண், கூரை ஆகிய யாவும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, உடலே சட்டமாக நிற்கும் முறை பரவலாயிற்று. ஜாகுவார் கம்பெனியில் இம்முறை 1955-இல் வந்த 2.4 லிட்டர் வண்டியில் தொடங்கிற்று. இதன் பொருள் யாது? பழைய வண்டியின் கூரை ஒரு குடை; எடுத்தால் நனைவோம், அவ்வளவே. புதிய வண்டியின் கூரையோ வீட்டு உத்தரம்; எடுத்தால் வீடே ஆடும்.

இதை உணர்தற்குப் பெரும்படிப்பு வேண்டுவதில்லை. வாய் வெட்டாத மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை இரு கையாலும் பற்றி முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதன் மேற்றகட்டை வெட்டியெடுத்தபின் முறுக்குங்கள், துணிபோல் வளையும். தகரம் அதே தகரம். கனமும் அதே கனம். மூடி போயிற்று, மூடியோடு வலுவும் போயிற்று. கூரை களைந்த வண்டியின் கதை முழுவதும் இந்தத் தகரத்தின் கதையே.

பக்கவண்டி செய்தவர்கள்

ஜாகுவார் என்னும் பெயரை இன்று உலகம் பெருமையோடு சொல்கிறது. அதன் தோற்றமோ மிக எளியது. 1922-இல் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி என்னும் இருவர், பிளாக்பூல் நகரில், மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் மாட்டும் பக்கவண்டிகளைச் செய்யத் தொடங்கினர். சுவாலோ என்பது அவர்கள் வைத்த பெயர். 1927-இல் ஆஸ்டின் கம்பெனியின் சிறிய கார் ஒன்றை எடுத்து, அதற்கு அழகிய புதிய உடல் கட்டி விற்றனர். மறு ஆண்டு கவன்ட்ரி நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1935-இல் ஜாகுவார் என்னும் பெயர் அவர்தம் வண்டிகளில் தோன்றிற்று. 1945-இல் அதுவே கம்பெனியின் பெயராயிற்று.

இங்கே நாம் ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறர் செய்த வண்டிக்குப் புதிய மேனி கட்டியவராகவே ஜாகுவார் முன்னோர் தொழிலில் நுழைந்தனர். அறுபதாண்டுகளுக்குப் பின் அவர்தம் வண்டிக்கே பிறர் புதிய மேனி கட்டினர்.

1948-இல் வெளிவந்த எக்ஸ்கே 120, 1961-இல் வெளிவந்த ஈ-டைப் ஆகிய இரண்டு திறந்த வண்டிகளும் ஜாகுவாரின் புகழை அமெரிக்கா வரை கொண்டு சென்றன. 1974-இல் ஈ-டைப் நின்றது. 1975 செப்டம்பரில் அதன் இடத்தில் வந்ததே எக்ஸ்ஜே-எஸ். பன்னிரண்டு சிலிண்டரும் 5.3 லிட்டர் கொள்ளளவும் கொண்ட எந்திரம், நீண்ட முகம், கூரையின் பின்கோடியிலிருந்து வால்வரை இறங்கும் இரண்டு தாங்கு சுவர்கள். அதன் வடிவத்திற்கு அடிகோலிய மால்கம் சேயர் 1970-இலேயே காலமாகிவிட்டார். புதிய வண்டிக்குத் திறந்த வகை இல்லை. ஏன்?

அமெரிக்காவின் அச்சம்

1966-இல் அமெரிக்கா மோட்டார் வண்டிப் பாதுகாப்புக்கெனத் தேசியச் சட்டம் இயற்றியது. வண்டி குப்புறக் கவிழும்போது உள்ளிருப்போரைக் கூரை காக்க வேண்டும் என்னும் விதிகள் பிறந்தன. திறந்த வண்டிக்கு இனி அந்நாட்டில் இடமிராது என்று கார் கம்பெனிகள் பல அஞ்சின. காடிலாக் எல்டொராடோ 1976 ஏப்பிரலில் இறுதியாக வெளிவந்தபோது, அமெரிக்கத் திறந்த வண்டியின் கடைசிப் பிரதி இதுவே என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் எதிர்பார்த்த தடை வரவேயில்லை! 1982-இல் கிரைஸ்லர் கம்பெனி மீண்டும் திறந்த வண்டியை விற்கத் தலைப்பட்டது.

வராத தடைக்கு அஞ்சி ஜாகுவார் தன் வண்டிக்குக் கூரை போட்டுவிட்டது. ஆனால் அமெரிக்கர் திறந்த ஜாகுவாரை மறக்கவில்லை. கலிபோர்னியா, புளோரிடா போன்ற வெயில் நாடுகளில் கேட்போர் பலர். 1983-இல் ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ்சி என்னும் ஒருவகை வண்டியை வெளியிட்டது. அதில் கூரைப் பலகைகளைக் கழற்றலாம். நடுவே நிற்கும் எஃகு வளைவைக் கழற்ற முடியாது. தாகத்திற்குத் தண்ணீர் கேட்டவனுக்கு ஈரத்துணி கொடுத்தது போலாயிற்று. முழுதும் திறக்கும் வண்டியே வேண்டும் என்பதே அமெரிக்கச் சந்தையின் கேள்வி. அவ்விடைவெளியில்தான் சின்சினாட்டித் தொழிற்சாலை நுழைந்தது.

சவவண்டி செய்த கைகள்

ஹெஸ் அண்டு ஐசன்ஹார்ட் நேற்றுத் தோன்றிய கூடம் அன்று. 1876-இல் சேயர்ஸ் அண்டு ஸ்கோவில் என்னும் பெயரில் குதிரை வண்டிகள் செய்யத் தொடங்கி, சவவண்டிகளுக்குப் பேர்போன தொழிற்சாலை அது. 1942-இல் எமில் ஹெஸ், சார்லஸ் ஐசன்ஹார்ட் என்னும் இருவர் அதனை வாங்கித் தம் பெயரை இட்டனர். நீண்ட வண்டியை மேலும் நீட்டுதல், கனத்த வண்டிக்குக் கவசமிடுதல், பெரிய மனிதர்க்குத் தனி வண்டி கட்டுதல் ஆகியவை அவர்தம் தொழில்.

அவர்கள் கையால் உருவான வண்டி ஒன்று உலக வரலாற்றில் நீங்கா இடம் பெற்றுவிட்டது. 1961-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்காக லிங்கன் கான்டினென்டல் என்னும் திறந்த வண்டியை ஏறத்தாழ மூன்றரை அடி நீட்டி, பின்னிருக்கையை மேலே உயர்த்தும் பொறியும், வேண்டும்போது மாட்டிக் கழற்றும் கூரைப் பலகைகளும் அமைத்தனர். அவற்றுள் ஒளிபுகும் கூரையும் உண்டு. ஆனால் அது குண்டு துளைக்காததன்று. 1963 நவம்பர் 22-ஆம் நாள் டல்லஸ் நகரில் அவ்வண்டி கூரையின்றிச் சென்றது. பின் நிகழ்ந்தது உலகறிந்தது. அதே வண்டி மீண்டும் சின்சினாட்டிக்கு வந்தது. இம்முறை கழற்ற முடியாத கவசக் கூரை பூட்டப்பட்டது. 1964 முதல் 1977 வரை அது பின்வந்த ஜனாதிபதிகளைச் சுமந்தது. இப்போது மிச்சிகன் மாநிலத்து டியர்பர்ன் நகரில், ஹென்றி போர்டு பொருட்காட்சிசாலையில் நிற்கிறது.

வாசகர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். திறந்த வண்டியின் துன்பத்தை இத்தொழிற்சாலையைப்போல் அருகிலிருந்து கண்டவர் வேறு எவர்? திறந்ததை மூடிய அந்தத் தொழிற்சாலையே, ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின், மூடியதைத் திறக்க வாளெடுத்தது. திறப்பதும் மூடுவதும் அவர்களுக்கு ஒரே கலை. இரண்டிலும் கேள்வி ஒன்றே: வலுவை எங்கே வைப்பது?

அறுத்ததும் கட்டியதும்

முழுதும் செய்து முடித்த வண்டி கவன்ட்ரியிலிருந்து ஒஹையோவுக்கு வரும். ஓடத் தகுந்த, வண்ணம் பூசிய, குறையற்ற புது வண்டி. அதன் கூரையையும் பின்புறத் தாங்கு சுவர்களையும் அறுத்தெடுப்பர். கூரை போனதால் இழந்த வலுவை ஈடுசெய்ய, கதவுக்கடியில் நீளும் வெளிப்புறப் பெட்டிகள் இரண்டின் உள்ளும் எஃகு உத்தரம் நுழைப்பர். பின் பக்கச் சுவர்களிலும், முன்னே கருவிப் பலகையின் பின்னும் எஃகுத் தாங்கல்கள் வைப்பர். தகரத்தின் மூடி போனால் அடியையும் விளிம்பையும் தடிப்பாக்கினாலன்றி அது நில்லாதல்லவா? அதுவே இது.

மடக்கிய துணிக்கூரை வண்டியின் முதுகில் மூட்டைபோல் துருத்தி நில்லாமல், உடலுக்குள் ஆழ அமிழ வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். தடையாயிருந்தது பெட்ரோல் தொட்டி. பின் அச்சுக்கு மேலே, இருக்கைக்குப் பின்னால் அது அமர்ந்திருந்தது. அதை நீக்கி இரண்டு தொட்டிகளாகப் பிரித்து, இடையில் கூரை இறங்க வழி செய்தனர். ஆதலின் கூரை மடக்கிய நிலையில் இவ்வண்டியின் முதுகு, பின்னாளில் ஜாகுவாரே செய்த திறந்த வண்டியின் முதுகைவிடத் தாழ்ந்து அழகுற விளங்கும். அழகுக்குக் கொடுத்த விலையும் அத்தொட்டிகளே. ஒரு தொட்டி இருந்த இடத்தில் இரண்டு; அவற்றை இணைக்கக் கூடுதல் குழாய்கள்; குழாய்தோறும் மூட்டுகள்; மூட்டுதோறும் கசிவுக்கு ஒரு வாயில்.

1988 மார்ச்சில், ஜெர்மனியின் கார்மன் நிறுவனத்தார் துணையோடு வடிவமைத்த தன் சொந்தத் திறந்த வண்டியை ஜாகுவார் ஜெனீவாவில் காட்டிற்று. தாய்வீடே செய்யத் தொடங்கியபின் மாற்றுவோர்க்கு வேலையில்லை. சின்சினாட்டி வாள் ஓய்ந்தது.

காப்போன் கடமை

இனி, இத்தகைய வண்டியை இன்று வைத்திருப்போன் கடமை யாது எனக் காண்போம். வாங்குவது ஒருநாள் வேலை. காப்பது வாழ்நாள் வேலை.

முதலாவது நெருப்பு. ஜாகுவாரின் பன்னிரண்டு சிலிண்டர் எந்திரத்தில், இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், பெட்ரோலைப் பீய்ச்சும் பொறிகளும் அவற்றுக்குரிய சிறு ரப்பர்க் குழல்களும் கிடக்கின்றன. எந்திர வெப்பத்தில் அக்குழல்கள் இறுகி, வெடித்து, பெட்ரோலைக் கசியவிட்டால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்வகை எந்திரங்களில் பலமுறை நேர்ந்த தீங்கு இது. சின்சினாட்டி வண்டியிலோ பின்புறத்து இரட்டைத் தொட்டிக் குழாய்களும் சேர்கின்றன. ஆதலின் வண்டி நன்றாக ஓடுகிறதே என்று வாளாவிருத்தல் மடமை. குழல் வெடித்தபின் மாற்றுவது சிகிச்சை. வெடிக்குமுன் மாற்றுவதே அறிவு. பெட்ரோல் வாடை வீசினால் அன்றே வண்டியை நிறுத்திக் காரணம் காண வேண்டும்.

ரப்பர் என்ற சொல் நம்மவர் காதில் விழாமற் போகாது. மலாயாக் காடுகளில் நம் முன்னோர் விடியுமுன் எழுந்து சீவிய பாலே உலகத்து வண்டிகளுக்குச் சக்கரமாயிற்று. ஜாகுவார் 1953-இல் லே மான் பந்தயத்தை வெல்லத் துணைநின்ற தட்டுப் பிரேக்கைச் செய்த டன்லப் கம்பெனி, மலாயாவில் பெருந்தோட்டங்களை உடையதாயிருந்தது. ஆனால் நம் பால்மரத்து ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பிக் கெடும். அதனால் பெட்ரோல் குழல்களுக்குச் செயற்கை ரப்பரையே ஆள்கின்றனர். எப்பொருளுக்கு எவ்விடம் என்று அறியாமல், கடையில் கிடைத்த குழலை மாட்டுவோன் தன் வண்டிக்குத் தானே கொள்ளி வைப்பவனாவான்.

இரண்டாவது துரு. வலுவெல்லாம் கதவடிப் பெட்டிகளின் உள்ளே மறைந்து நிற்கும் எஃகு உத்தரத்தில் என்று முன்னரே கூறினோம். மழைநீர் உட்புகுந்து வெளியேற வழியின்றித் தேங்கினால், வெளியே பளபளக்கும் வண்ணத்தின் பின்னே உத்தரம் அரிக்கப்படும். கண்ணுக்குத் தெரியாத இக்கேட்டைக் கதவு காட்டிக்கொடுக்கும். மூடிய கதவுக்கும் உடலுக்கும் இடையே உள்ள சந்து மேலே குறுகிக் கீழே விரிந்தால், அல்லது ஜாக்கியில் ஏற்றியவுடன் கதவு இறுகிக்கொண்டால், உடல் நடுவில் தொய்கிறது என அறிக. நீர் வடியும் துளைகளை அடைபடாமல் வைப்பது காசில்லாத வைத்தியம்.

மூன்றாவது எந்திரத்தின் சூடு. 1981-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் மைக்கேல் மே வகுத்த புதுத் தலையமைப்பால் இவ்வெந்திரம் சிக்கனமாயிற்று. ஆயினும் பன்னிரண்டு அடுப்புகளின் வெப்பம் ஓரிடத்தில் கூடியிருப்பது மாறவில்லை. குளிர்நீர் குறைந்தாலும், ரேடியேட்டர் அடைபட்டாலும் கேடு விரைவில் வரும். பின் பிரேக் தட்டுகளோ சக்கரத்தருகே இல்லாமல் வண்டியின் நடுவில், பற்சக்கரப் பெட்டியை ஒட்டி அமைந்தவை. அவற்றைச் செப்பனிடப் பின் அச்சுத் தொகுதி முழுவதையும் இறக்க நேர்தல் உண்டு. பொறுமையில்லாதான் கைக்கு இவ்வண்டி ஏற்றதன்று.

நான்காவது, துணிக்கூரையும் அதன் கம்பிக்கூடும். எந்திரத்துக்குரிய உறுப்புகள் பிற எக்ஸ்ஜே-எஸ் வண்டிகளுக்கும் பொதுவாதலின் தேடினால் கிடைக்கும். கூரைச் சட்டமும், அதைச் சூழ்ந்த ரப்பர் விளிம்புகளும், இரட்டைத் தொட்டிகளும் சின்சினாட்டிக்கே உரியவை. கார்மன் வடிவமைத்த கூரையின் உறுப்பு இங்கே பொருந்தாது. முறிந்தால் கையாற் செய்தே தீர வேண்டும். ஆதலால், அறிவுள்ள உடைமையாளன் ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் அளவெடுத்துப் படம் வரைந்து குறித்து வைப்பான். நனைந்த துணியை மடித்து வைத்துப் பூஞ்சணம் பூக்கவிடான்.

மெய்யும் போலியும்

தாய்த் தொழிற்சாலையில் பிறவாத வண்டிக்கு மதிப்பு உண்டா என்று வினவுவோர் உளர். நேர்மையாக மாற்றப்பட்டதற்கு உண்டு, ஏமாற்றுக்கு இல்லை. இத்தாலியப் பெராரி கம்பெனியார் 365 ஜிடிபி/4 என்னும் வண்டியின் திறந்த வகையை ஏறத்தாழ 120 மட்டுமே செய்தனர். அவற்றின் விலை ஏறியதும், மூடிய வண்டிகள் பல அறுக்கப்பட்டுத் திறந்தனவாக உலவின. அறுத்ததை அறுத்ததென்று சொல்லி விற்றால் குற்றமில்லை. பிறவியிலேயே திறந்தது என்று சொல்லி விற்றால் அது திருட்டு. சின்சினாட்டி வண்டி தன் பிறப்பை மறைத்ததில்லை. ஜாகுவார் விற்பனையாளர் கடையிலேயே, இன்னார் மாற்றியது என்ற அறிவோடு விற்கப்பட்டது.

பிறந்த இடத்தைக் கேட்டே ஒன்றை மதிப்பது சோம்பேறி மதிப்பீடு. செய்த வேலையைத் திறந்து பார்த்து மதிப்பதே அறிவாளி மதிப்பீடு. பிறர் வண்டிக்கு மேனி கட்டிப் பிழைத்த இரு இளைஞரிடமிருந்துதான் ஜாகுவாரே பிறந்தது என்பதை மறவாதிருப்போமாக.

செய்தவர் யாவரும் கலைந்துவிட்டனர். கவன்ட்ரியில் இவ்வண்டி பிறந்த பிரவுன்ஸ் லேன் ஆலையில் கார் பூட்டும் வேலை 2005-இல் நின்றது. கார்மன் நிறுவனம் 2009-இல் நொடித்தது. சின்சினாட்டிப் பெயர் கவச வண்டித் தொழிலோடு கலந்து பல கை மாறிற்று. ஜாகுவாரை 1989-இல் போர்டு கம்பெனி வாங்கிற்று. 2008-இல் இந்தியாவின் டாட்டா வாங்கிற்று. ஒரு காலத்தில் நம் உழைப்பை விலைக்கு வாங்கிய நாட்டின் பெருமைக்குரிய பெயர், இன்று இந்தியக் கம்பெனியின் உடைமை. முதலாளி மாறினும் வண்டி மாறவில்லை. அதனைக் காக்கும் பொறுப்பும் மாறவில்லை.

ஓலைச்சுவடிகள் தாமாக வாழ்ந்ததில்லை. செல்லரிக்குமுன் எவனோ ஒருவன் விளக்கெரித்துப் பெயர்த்தெழுதியதால் வாழ்ந்தன. எழுதியவன் பெயர் பலவற்றில் இல்லை. அவ்வாறே இவ்வண்டிகளும், தொழிற்சாலை மூடியபின், பெயரறியாப் பட்டறைக்காரர் கையிலேயே உயிர் வாழ்கின்றன. நம் தோட்டங்களிலும் நகரங்களிலும் லாரியையும் சைக்கிளையும் பால் எந்திரத்தையும் உயிரோடு வைத்திருக்கும் தோழர்களும் அவ்வரிசையினரே. அவர்கள் அறிந்தவை அவர்களோடு மறையலாகாது. அளவுகளை எழுதிவைக்கட்டும், இளைஞரை அருகில் நிறுத்திக் காட்டட்டும். பொருளைச் செய்தவன் அதற்கு உடல் தந்தான்; அதனைச் செய்யும் வகையைப் பிறர்க்குச் சொல்லி வைப்பவனே அதற்கு ஆயுள் தருகிறான்.